டீச்சருக்கும் தெரியணும், டாக்டருக்கும் தெரியணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்துல தீர்மானப் புத்தகம் எழுதுவேன், அவ்வளவுதான். பத்தாவது வரைக்கும் படிச்சதால அந்த வேலை என்கிட்ட வந்துச்சு. "உன் பிள்ளைக்கு நடந்ததை நீயே சொன்னாத்தான் மத்தவங்களுக்கு உறைக்கும்"னு எங்க ஊக்குநர் அக்கா சொன்னாங்க. அதனால எழுதி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

1989ல் தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலா ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். அப்போ நான் பிறக்கவே இல்லை. அன்னைக்கு பத்து ரூபாய், இருபது ரூபாய் சேர்த்து ஆரம்பிச்ச அக்காக்கள் இங்க முன் வரிசையில உக்கார்ந்திருக்காங்க. கடன், வட்டி, ஆடு, மாடு, கடை பத்தியெல்லாம் மத்தவங்க பேசுவாங்க. நான் பேசப்போறது பிள்ளைங்களோட மூச்சைப் பத்தி.

என் மகளுக்கு மூணு வயசு இருக்கும்போது ராத்திரி இருமல் ஆரம்பிச்சுது. பகல்ல நல்லா விளையாடுவா. விடியக்காலம் மூணு மணி, நாலு மணிக்கு எழுந்து உக்கார்ந்துக்கிட்டு இருமுவா. நெஞ்சுல பூனை கத்துற மாதிரி சத்தம் வரும். சளின்னு நினைச்சோம். கற்பூரவள்ளி, தூதுவளை எல்லாம் கொடுத்தோம். டவுன்ல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவோம். மாஸ்க் வச்சு நெபுலைசர் கொடுப்பாங்க, சிரப் எழுதித் தருவாங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும். மறுபடி மாசத்துக்கு ஒரு தடவை வரும். "வீசிங் இருக்கு"ன்னு சொல்வாங்களே தவிர, அது என்ன, ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னு யாரும் உக்கார வச்சுச் சொல்லலை. நானும் கேக்கலை.

அவளுக்கு ஆறு வயசு ஆனப்போ ஒரு குழந்தை டாக்டர்தான் "இது ஆஸ்துமாம்மா"ன்னு சொன்னார். ரெண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். ஒண்ணு நீலம், ஒண்ணு பழுப்பு நிறம். எங்க மாமியார் அழுதுட்டாங்க. "பொட்டப் பிள்ளை. இளைப்பு வியாதின்னு வெளியில தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டிக்குவாங்க? பம்பு பழகிட்டா விடவே முடியாதாம்"னு சொன்னாங்க. அவங்களை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. என் மனசுலயும் அதே பயம்தான் இருந்துச்சு. பம்பு ரெண்டையும் பீரோவுல சேலைக்கு அடியில வச்சேன். ராத்திரி முடியாத நேரத்துல மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு நீலப் பம்பைக் கொடுப்பேன். பழுப்பை நாலு நாள் கொடுப்பேன், பிள்ளை நல்லா இருந்தா நிறுத்திடுவேன். பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை சொல்லலை. "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு பிள்ளைகிட்டயும் சொல்லி வச்சேன்.

2024 ஜனவரி மாசம், அவ மூணாவது படிச்சா. குடியரசு தினத்துக்கு ஓட்டப் பந்தயம் பழக்கிக்கிட்டிருந்தாங்க. நம்ம பக்கம் அந்த மாசத்துல காலைப் பனி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். பிள்ளைங்க மைதானத்தைக் கூட்டியிருக்காங்க, புழுதி எழும்பியிருக்கு. அப்புறம் ஓடச் சொல்லியிருக்காங்க. இவ "மூச்சு வாங்குது டீச்சர்"னு சொல்லியிருக்கா. ஓடினா எல்லாருக்கும் மூச்சு வாங்கத்தானே செய்யும்? "சும்மா சாக்கு சொல்லாதே, இன்னொரு சுத்து போ"ன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அவங்க கெட்டவங்க இல்லை. அவங்களுக்குத் தெரியாது. தெரியாம வச்சது நான்.

அவளைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? காலை உணவு சமைக்கிற நம்ம குழு அக்கா. 2023 ஆகஸ்ட்டுல முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தப்போ, நம்ம பள்ளியில சமைக்கிற வேலை நம்ம குழுவுக்கு வந்துச்சு. அந்த அக்கா பாத்திரம் கழுவிட்டு வெளியே வந்திருக்காங்க. என் மகள் படிக்கட்டுல ரெண்டு கையையும் முட்டியில ஊணிக்கிட்டு உக்கார்ந்திருக்கா. தோள்பட்டை ஏறி ஏறி இறங்குது. விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ளே இழுக்குது. "என்ன கண்ணு?"ன்னு கேட்டா ஒரு வார்த்தைக்கு மேல பேச முடியலை. உதடு கருநீலமா இருக்கு.

நான் அப்போ மூணு தெரு தள்ளி புளி தட்டிக்கிட்டிருந்தேன். பம்பு வீட்டுல, பூட்டின பீரோவுல. சாவி என் இடுப்புல. பிள்ளை பள்ளிக்கூடத்துல. அந்த ஒரு காலையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

டிவிஎஸ் வண்டியில நடுவுல வச்சுக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். ஆக்சிஜன் வச்சு, நெபுலைசர் கொடுத்து, 108ல் ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. நாலு நாள் இருந்தோம். பிழைச்சுக்கிட்டா.

ரெண்டாம் நாள் அந்த டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. கட்டில் பக்கத்துல நின்னு அழுதாங்க. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா, நான் ஓடச் சொல்லியிருப்பேனா?"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்லை.

ஊருக்கு வந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரம்மாவைப் பார்த்தேன். இதோ மேடையில இருக்காங்க. திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே போனேன். அவங்க திட்டலை. ஒரு பேப்பரை எடுத்து மூச்சுக்குழாய் படம் போட்டுக் காட்டினாங்க. நமக்குப் புரியுற மாதிரி சொன்னாங்க. ஆஸ்துமாவுல மூணு விஷயம் நடக்குது. மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசை, பாவாடை நாடாவை இழுத்த மாதிரி சுருங்குது. குழாயோட உள்பக்கம் வீங்குது. அதுக்குள்ள சளி கட்டுது. நீலப் பம்பு அந்த நாடாவைத் தளர்த்தும். அஞ்சு, பத்து நிமிஷத்துல மூச்சு விட முடியும். ஆனா வீக்கம் அதுல குறையாது. வீக்கத்தைக் குறைக்கிறது பழுப்புப் பம்பு. அது மெதுவா வேலை செய்யும். அதனால பிள்ளை நல்லா இருந்தாலும் டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் தினமும் கொடுக்கணும். நான் அதைத்தான் நாலு நாள்ல நிறுத்திக்கிட்டிருந்தேன்.

"பம்பு பழகிடும்னு சொல்றாங்களே மேடம்?"னு கேட்டேன். அவங்க ஒரு கணக்குச் சொன்னாங்க. நாம பயமில்லாம ஊத்துற சல்பியூட்டமால் சிரப்புல 5 மில்லியில 2 மில்லிகிராம் மருந்து இருக்கு. நீலப் பம்புல ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம்தான். அதாவது அந்தச் சிரப் 5 மில்லியும் 20 அழுத்தும் ஒண்ணு. சிரப் வயித்துக்குப் போய் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கச் சுத்துது. கை நடுக்கம், படபடப்பு வருது. பம்பு நேரா நெஞ்சுக்குப் போகுது, அதனால கொஞ்சமே போதும். பழுப்புப் பம்புல இருக்கிறது ஸ்டீராய்டுதான், ஆனா அளவு ரொம்பக் குறைவு. அடிச்சதும் வாயைக் கொப்பளிச்சுத் துப்பிட்டா வாய்ப்புண் வர்றது குறையும். இதைக் கேட்டுட்டு வந்து மாமியார்கிட்ட சொன்னேன். அவங்க சிரப் பாட்டிலையும் பம்பையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "இத்தனை நாள் இதை யாரும் சொல்லலையே"ன்னாங்க.

கடைசியா டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. "உங்க பிள்ளை முழிச்சிருக்கிற நேரத்துல பாதி பள்ளிக்கூடத்துல இருக்கா. அங்கே யாருக்கு இது தெரியும்?"

யாருக்கும் தெரியாது. அங்கிருந்துதான் நாங்க ஆரம்பிச்சோம்.

முதல்ல ஒரு பேப்பர். டாக்டரம்மா தமிழ்ல, கொட்டை எழுத்துல எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வச்சுக் கொடுத்தாங்க. மூணு காப்பி எடுத்தோம். ஒண்ணு என் வீட்டுல, ஒண்ணு தலைமை ஆசிரியை அறையில, ஒண்ணு பிள்ளையோட பையில. அதுல இருக்கிறதைச் சொல்றேன். இது என் மகளுக்கு எழுதினது. உங்க பிள்ளைக்கு உங்க டாக்டர்கிட்ட தனியா எழுதி வாங்கணும்.

ஒண்ணு: எதெதால இவளுக்கு மூச்சு முட்டும். பனிக்காத்து, புழுதி, சாக்பீஸ் தூள், புகை, சளிக்காய்ச்சல்.

ரெண்டு: நல்லா இருக்கிற நாள்ல என்ன. பழுப்புப் பம்பு காலையிலயும் ராத்திரியும் வீட்டுலயே. ஓட்டம், விளையாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னாடி நீலம் ரெண்டு அழுத்து. விளையாட்டை நிறுத்தக் கூடாதுன்னு தனியா கோடு போட்டு எழுதியிருந்தாங்க.

மூணு: இருமல், இழுப்பு வந்தா என்ன செய்யணும். நிமிர்ந்து உக்கார வைக்கணும். படுக்க வைக்கக் கூடாது. சுத்தி கூட்டம் சேரக் கூடாது. நீலப் பம்பைக் குலுக்கி, ஸ்பேசர்ல மாட்டி ஒரு அழுத்து, நாலு மூச்சு. இப்படி நாலு தடவை. நாலு நிமிஷம் பார்க்கணும். குறையலைன்னா மறுபடியும் நாலு தடவை.

நாலு: எப்போ 108க்கு அடிக்கணும். மருந்து கொடுத்தும் குறையாதபோது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியாதபோது, விலா உள்ளே இழுக்கும்போது, உதடு நீலமாகும்போது, பிள்ளை சோர்ந்து கண்ணை மூடும்போது. வண்டி வர்ற வரைக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது. இன்னொண்ணையும் டாக்டரம்மா வாயால சொன்னாங்க: மூச்சு முட்டுற பிள்ளைக்கு விசில் சத்தம் திடீர்னு நின்னுட்டா, சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. காத்தே போகலைன்னாலும் சத்தம் நிக்கும்.

அஞ்சு: என் நம்பர், அவங்கப்பா நம்பர், சுகாதார நிலைய நம்பர்.

பேப்பரை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். தலைமை ஆசிரியை நல்லபடியா கேட்டுக்கிட்டாங்க. ஆனா ஒரு சங்கடத்தை மறைக்காம சொன்னாங்க. "நாங்க டாக்டர் இல்லையேம்மா. மருந்து கொடுத்து ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஊர் எங்களைத்தானே கேக்கும்?" நியாயமான பயம்தான். நான் அவங்க இடத்துல இருந்தாலும் பயப்படுவேன்.

அதுக்கு என்ன வழின்னு பள்ளி மேலாண்மைக் குழுவுல பேசினோம். அந்தக் குழுவுல முக்கால்வாசி பெற்றோர் இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு. நம்ம சுய உதவிக் குழு ஆட்களும் அதுல இருக்கோம். டாக்டரோட கையெழுத்துப் போட்ட பேப்பர், பெற்றோர் சம்மதக் கடிதம், இது ரெண்டும் இருந்தா எழுதியிருக்கிற மருந்தை ஆசிரியர் கொடுக்கலாம்னு தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்தை எழுதினது நான்தான். என் வாழ்க்கையில எழுதின தீர்மானத்துலேயே கை நடுங்கி எழுதினது அது ஒண்ணுதான்.

அடுத்து, பள்ளிக்கு வண்டியில வர்ற மருத்துவக் குழு. இது நிறையப் பேருக்குத் தெரியாது, அதனால சொல்றேன். 2013ல் மத்திய அரசு கொண்டுவந்த சிறார் நலத் திட்டம் இது. பிறந்த குழந்தையிலிருந்து 18 வயசு வரைக்கும் பார்க்கிறாங்க. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை, அரசுப் பள்ளிக்கு ஒரு தடவை வரணும். அவங்க பார்க்க வேண்டிய குறைபாடுகள்ல மூச்சுக்குழாய் சுருக்கமும் ஒண்ணு. அந்த வண்டி வந்தா நாம என்ன செய்வோம்? உயரம், எடை எடுத்துட்டுப் போவாங்கன்னு வேலைக்குப் போயிடுவோம். பிள்ளையைப் பகல்ல, நல்லா இருக்கிறப்போ பார்த்தா டாக்டருக்கு என்ன தெரியும்? ராத்திரி இருமுறது தாய்க்குத்தான் தெரியும். அந்த வருஷம் வண்டி வர்ற தேதியை முன்னாடியே கேட்டு வச்சு, தாய்மார் எல்லாரும் பள்ளிக்கு வந்தோம்.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடி, சமைக்கிற அக்காவும் நானும் இன்னும் ரெண்டு பேரும் வீடு வீடாப் போய்க் கேட்டோம். ராத்திரி, விடியக்காலத்துல இருமல் வருதா? ஓடினா இருமல் வருதா? நெஞ்சுல விசில் சத்தம் கேக்குதா? சளி பிடிச்சா பத்து நாளுக்கு மேல இழுக்குதா? இந்த நாலு கேள்வியும் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தது. முதல் நாள் எல்லா வீட்டுலயும் "எங்க வீட்டுல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை"ன்னாங்க. நான் என் பிள்ளை கதையைச் சொன்னேன். பீரோ சாவி கதையையும் சொன்னேன். அப்புறம்தான் ஒவ்வொருத்தரா வெளியே வந்தாங்க. ஒருத்தி என் கையைப் பிடிச்சு, "என் பையனுக்கும் இருக்கு அக்கா, பம்பு அரிசி டப்பாவுல இருக்கு"ன்னா. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.

ஒன்பது பிள்ளைகளை மருத்துவக் குழு பார்த்துச்சு. ஆறு பேருக்கு ஆஸ்துமான்னு சொன்னாங்க. ஒரு பையனுக்கு மூக்குக்குப் பின்னாடி சதை வளர்ந்திருக்குன்னு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு பேருக்குச் சாதாரண சளிதான். அதனால இதை முக்கியமா சொல்றேன்: இருமுற பிள்ளை எல்லாம் ஆஸ்துமா இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட பம்பை வாங்கி நம்ம பிள்ளைக்கு அடிக்கக் கூடாது. டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும்.

அன்னைக்கே ஆசிரியர்களுக்கும் சமையல் அக்காவுக்கும் ஸ்பேசர் வச்சுப் பம்பு கொடுக்கப் பழக்கினாங்க. ஸ்பேசர்னா நடுவுல மாட்டுற பிளாஸ்டிக் குழாய். அது இல்லாம அடிச்சா மருந்துல பாதிக்கு மேல தொண்டையிலேயே ஒட்டிக்கும். அவசரத்துக்கு ஸ்பேசர் இல்லைன்னா அரை லிட்டர் தண்ணி பாட்டிலோட அடியில பம்பு வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, அதுல பம்பைச் செருகி, பாட்டில் வாயைப் பிள்ளை வாயில வச்சுக் கொடுக்கலாம்னு டாக்டரம்மா செஞ்சு காட்டினாங்க. ரெண்டாவது படிக்கிற ஒரு பையன் "எனக்கும் ஒரு தடவை டீச்சர்"னு வரிசையில வந்து நின்னான். இது மிட்டாய் இல்லைன்னு அவனுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஆனா அதுவும் நல்லதுதான். பிள்ளைங்க எல்லாருக்கும் அது என்னன்னு தெரிஞ்சு போச்சு. கேலி பண்றது நின்னுச்சு. ஒட்டுவாரொட்டி இல்லைன்னும் தெரிஞ்சுச்சு.

இப்போ பள்ளியில தலைமை ஆசிரியை மேசை இழுப்பறையில பிள்ளைங்க பேர் எழுதின டப்பா இருக்கு. ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு நீலப் பம்பு, ஒரு ஸ்பேசர், அந்தப் பேப்பர். பூட்டு கிடையாது. பூட்டு வேண்டாம்னு நான்தான் கேட்டேன். சுகாதார நிலையத்துல பம்பு இல்லாத மாசம் வெளியில வாங்க வேண்டியிருக்கு. வீட்டுக்கு ஒண்ணு, பள்ளிக்கு ஒண்ணுன்னா செலவு கூடத்தான். அதுக்குக் குழுவுல உள்கடன் கேட்டப்போ, "மருந்துக்குக் கடனா? அடுத்த மாசம் கட்டு, வட்டி வேண்டாம்"னு எல்லாரும் சொன்னீங்க. அதை இந்த மேடையில சொல்லாம போகக் கூடாது.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. என் மகளுக்குப் பள்ளியில நீலப் பம்பு கொடுத்தா டீச்சர் அதுல தேதி, நேரம், என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதுவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு அந்த நோட்டை டாக்டரம்மாகிட்ட எடுத்துட்டுப் போனேன். அவங்க பக்கத்தைப் புரட்டிட்டு, "வாரத்துக்கு மூணு தடவை நீலம் கேக்குதே. பழுப்பு ஒழுங்கா போகுதா?"ன்னு கேட்டாங்க. போகலை. பிள்ளை நல்லா இருக்காளேன்னு நான் மறுபடியும் விட ஆரம்பிச்சிருந்தேன். ராத்திரி நல்லாத் தூங்கினா, அதனால எனக்குத் தெரியலை. பகல்ல பள்ளிக்கூடத்துல இருமினது நோட்டுல இருந்துச்சு. நான் மறைக்க நினைச்சாலும் அந்த நோட்டு மறைக்கலை.

இன்னொண்ணும் அதுல தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பறை கூட்டுற நேரத்துலதான் நிறைய வரி இருந்துச்சு. டீச்சர் அதைக் கவனிச்சு, தண்ணி தெளிச்சுக் கூட்டச் சொன்னாங்க, அந்த நேரம் இவளை வெளியில இருக்கச் சொன்னாங்க. கரும்பலகைக்கு முன்னாடி முதல் பெஞ்சுல இருந்தவளை மூணாவது பெஞ்சுக்கு மாத்தினாங்க. ஈரத் துணியால பலகையைத் துடைக்கிறாங்க. பைசா செலவில்லை. வீட்டுல நானும் மாத்தினேன். கொசுவத்திச் சுருளை நிறுத்திட்டு வலை கட்டினோம். புளி தட்டுறதை வீட்டுத் திண்ணையிலிருந்து களத்துக்கு மாத்தினேன். போகி அன்னைக்கு எங்க தெருவுல பழைய பாய், டயர் கொளுத்துறதில்லைன்னு பேசி முடிவு பண்ணினோம். டயரை மட்டும் விட்டுட்டாங்க, பாயை இன்னும் ரெண்டு வீட்டுல கொளுத்துறாங்க. அதையும் விட வச்சிடலாம்.

இப்ப நோட்டுல மாசத்துக்கு ஒரு வரி, ரெண்டு வரிதான். பழுப்புப் பம்பு அளவை டாக்டரம்மா குறைச்சிருக்காங்க. மூணாவதுல இருபது நாளுக்கு மேல லீவு போட்டவள் நாலாவதுல நாலு நாள்தான் போட்டா.

டாக்டர் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறதில்லை. டீச்சர் நம்ம வீட்டு ராத்திரியைப் பார்க்கிறதில்லை. ரெண்டையும் பார்க்கிறது நாமதான். நாம வாயை மூடிக்கிட்டா அவங்க ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரிதான். இதைப் புரிஞ்சுக்க எனக்கு நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம் தேவைப்பட்டுச்சு. உங்களுக்கு அது வேண்டாம்.

கூட்டமைப்புகிட்ட சில விஷயம் கேக்கிறேன்.

ஜூன் மாசம் பள்ளி திறந்த முதல் வாரத்துல, ஒவ்வொரு குழுவும் அந்த நாலு கேள்வியைத் தங்க உறுப்பினர் வீட்டுல கேக்கணும். ஆஸ்துமா மட்டும் இல்லை, வலிப்பு, சின்ன வயசுச் சர்க்கரை எது இருந்தாலும் பள்ளிக்குச் சொல்லணும்.

மருத்துவக் குழு வண்டி வர்ற தேதியை முன்கூட்டியே வாங்கி ஊருக்குச் சொல்லணும். அன்னைக்குத் தாய் கூட இருக்கணும். அந்த அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

காலை உணவு சமைக்கிற நம்ம அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் பம்பு கொடுக்கிற பயிற்சி வேணும். காலையில பிள்ளைகளை முதல்ல பார்க்கிறது அவங்கதான்.

பம்பு தீர்ந்துடுச்சான்னு மாசா மாசம் பார்க்கணும். சாதாரண நீலப் பம்புல 200 அழுத்து இருக்கும். மருந்து தீர்ந்தாலும் காத்து புஸ்ஸுனு வரும், ஏமாந்துடுவோம். தண்ணியில போட்டு மிதக்குதான்னு பார்க்கிறதும் தப்பு. எண்ணித்தான் பார்க்கணும், இல்லைன்னா எண் காட்டுற பம்பா வாங்கணும். ஸ்பேசரை வாரத்துக்கு ஒரு தடவை சோப்புத் தண்ணியில அலசி, துடைக்காம நிழல்ல காய வைக்கணும்.

மே மாசம் முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். அப்போ பள்ளி லீவு. அதனால அந்த வாரத்துக் குழுக் கூட்டத்துல அரை மணி நேரம் இதுக்கு ஒதுக்கலாம். டாக்டரம்மா வர்றேன்னு சொல்லியிருக்காங்க. சேமிப்பு வசூல் முடிஞ்சதும் வச்சுக்கலாம், இல்லைன்னா யாரும் இருக்க மாட்டீங்க!

என் மகள் இப்போ அஞ்சாவது. வர்ற ஜூன்ல ஆறாவதுக்கு வேற பள்ளிக்கூடம், பஸ்ல போகணும். புது டீச்சர், புதுப் பிள்ளைங்க. எனக்கு மறுபடியும் பயம்தான். "அந்தப் பள்ளியில யார்கிட்ட போய்ச் சொல்றது?"ன்னு போன வாரம் வீட்டுல யோசிச்சுக்கிட்டிருந்தேன். அவ சாப்பிட்டுக்கிட்டே, "நீ வராட்டியும் பரவாயில்லை அம்மா. பேப்பர் பையில இருக்கு. எனக்கு ஆஸ்துமா இருக்கு, இதைப் படிச்சுப் பாருங்க டீச்சர்னு நானே சொல்லிக்குவேன்"னா. எங்க மாமியார் பக்கத்துலதான் இருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. தட்டுல இன்னொரு கரண்டி சோறு வச்சாங்க.

போன ஜனவரியில அதே மைதானத்துல அவ ஓடினா. கால் மணி நேரம் முன்னாடி ரெண்டு அழுத்து அடிச்சுட்டு, கழுத்துல துணி சுத்திக்கிட்டு ஓடினா. பரிசு வாங்கலை, அஞ்சாவதா வந்தா. அந்த டீச்சரும் நானும் கோட்டுக்கிட்ட நின்னு கைதட்டினோம்.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து பாருங்க. சேலைக்கு அடியில ஏதாவது இருந்தா, நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போங்க.